தீர்க்க முடியாத கடன்

கடன்படாமல் வாழ வேண்டும் என்று நம் பெரியோர்கள் அறிவுறுத்தி வந்திருக்கிறார்கள். மனிதன் பிறக்கும்போதே கடன்பட்டவனாகத்தான் பிறக்கிறான் என்று சொன்னவர்களும் அவர்களே. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் நாம் பட்டிருக்கும் மூன்று கடன்களைப் பற்றி வேதம் பேசுகிறது. சதபத பிராமணம் நான்காவதாக ஒரு கடனையும் அவற்றோடு சேர்க்கிறது. அது சக மனிதர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன். அதைச் செலுத்தும் வழியையும் அந்நூலே காட்டுகிறது: வந்தவருக்குத் தங்க இடம் அளிப்பது, உண்ண உணவு அளிப்பது.

தங்க இடம், உண்ண உணவு! ஓரிடத்தில் நிலையாக வாழும்போது இவ்விரண்டின் அருமை நமக்குத் தெரிவதில்லை. வீடு நம்முடையது, அடுப்பு நம்முடையது, யாருடைய தயவும் இன்றி வாழ்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் எவ்வளவு மெலிந்த நூலில் தொங்குகிறது என்பது நெடுந்தொலைவுக்குக் குடிபெயரும் நாளில் தெரிந்துவிடும்.

அடுப்பு அணைந்த வீடு

குவாஹாத்தியிலிருந்து புணேக்குப் பணிமாற்றம் பெறும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். சாலை வழியே 2,500 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. மொழி வேறு, உணவு வேறு, பருவநிலை வேறு. புறப்படுவதற்கு முன்பே எரிவாயு இணைப்பை ஒப்படைத்தாயிற்று, அடுப்பு எரியாது. பாத்திரங்கள் பெட்டிகளுக்குள் போய்விட்டன. குழந்தைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. வயதான தாயாருக்கு மருந்து தீரும் நிலையில் இருக்கிறது. சுவரில் படங்கள் இருந்த இடம் வெளிறித் தெரிகிறது. பூஜை அறைப் படங்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குடும்பத்தலைவி வெறும் தரையில் அமர்ந்திருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் அண்டை வீட்டார் தூக்குப் பாத்திரத்தில் சோறும் பருப்பும் கொண்டு வருகிறார்கள். உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பெட்டிகளுக்குக் கயிறு கட்டுகிறார். மற்றொருவர், “சான்றிதழை நான் வாங்கி அனுப்புகிறேன்; நீங்கள் கவலைப்பட வேண்டாம்” என்கிறார். துளசிச் செடியை ஒருவர் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். முன்பின் சென்றறியாத புதிய ஊரிலோ, பழைய நண்பர் ஒருவர் வீட்டைப் பெருக்கி, குடிநீர் நிரப்பி, பால் வாங்கி வைத்து, சாவியுடன் வாசலில் காத்து நிற்கிறார்.

இது மாதச் சம்பளக்காரர்களின் வாழ்க்கையில் மட்டும் நிகழ்வதன்று. பிழைப்பைத் தேடி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொலைதூர நகரங்களுக்குச் செல்லும் இளைஞர்களைப் பாருங்கள். அவர்களில் பலருக்கு முதல் இரவு தலைசாய்க்க இடம் தருபவன், முன்னரே அங்கு வந்து சேர்ந்த சொந்த ஊர்த் தோழனே. ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள். புதிதாக ஒருவன் வந்ததும் அந்த ஆறு பேரும் சற்றே ஒதுங்கி ஏழாவது பாய்க்கு இடம் விடுகிறார்கள். தம்மிடம் இருப்பதே போதாத நிலையில் அதிலிருந்து அவர்கள் பகிர்ந்து கொடுக்கிறார்கள். சதபத பிராமணத்தின் பெயரைக்கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அது கூறும் நான்காவது கடனை அவர்கள் அன்றாடம் செலுத்தி வருகிறார்கள்.

புறப்படுபவனுக்குச் செய்யும் உதவி

இத்தகைய உதவிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் தானத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். அவற்றுள் சாத்துவிக தானத்திற்கு அவர் கூறும் அடையாளங்களில் ஒன்று, திருப்பிச் செய்ய இயலாதவருக்குக் கொடுப்பது என்பதாகும். கொடுப்பது கடமை என்ற உணர்வுடன், உரிய இடத்தில், உரிய காலத்தில், தகுந்தவருக்கு, பிரதிபலனை எதிர்பாராமல் கொடுக்க வேண்டும்.

ஊரிலேயே தொடர்ந்து வாழப்போகும் ஒருவருக்கு உதவும்போது, நாளை அவர் நமக்கு உதவுவார் என்ற எண்ணம் மனத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கக்கூடும். ஊரை விட்டே போகிறவருக்கு உதவுகிறவர் எதை எதிர்பார்க்க முடியும்? நாளை முதல் அவர் அந்தத் தெருவில் இருக்க மாட்டார். நம் வீட்டுத் திருமணத்திற்கு வந்து பந்தி பரிமாற மாட்டார். நமக்கு நோய் வந்தால் மருத்துவமனைக்கு உடன் வர மாட்டார். இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒருவர் வியர்வை வழிய நம் பெட்டியைத் தூக்குகிறார் என்றால், பகவான் சொன்ன இலக்கணத்திற்கு அவர் உயிருள்ள உரையாக விளங்குகிறார். அவருடைய அன்பின் ஆழத்தை நாம் முழுமையாகக் காண்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசி நாளில்தான்.

பெற்றுக்கொள்வதும் ஓர் அறம்

கொடுப்பதைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பெற்றுக்கொள்ளும் முறையைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. அதைக் கற்றுக்கொள்ள ராமாயணத்தைக் காட்டிலும் சிறந்த நூல் இல்லை. ஓர் அரசகுமாரன் ஒரே நாளில் வீட்டையும் நாட்டையும் விட்டுப் புறப்பட்ட கதையல்லவா அது!

கங்கைக் கரையில் சிருங்கிபேரபுரத்தை ராமபிரான் அடைந்தபோது, வேடர் தலைவனான குகன் உணவு வகைகளுடன் ஓடி வந்தான். தன் நாடு முழுவதும் ராமனுடையதே என்றான். வால்மீகி காட்டும் ராமன் அவனை மார்போடு தழுவிக்கொள்கிறான். குகன் நடந்து வந்ததையும் காட்டிய அன்பையும் போற்றுகிறான். தான் தவ வாழ்வை மேற்கொண்டிருப்பதால் அந்த விருந்தைத் தன்னால் ஏற்க இயலாது என்று இன்சொல்லால் விளக்குகிறான். ஆயினும் நண்பனை வெறுங்கையுடன் அனுப்பவில்லை. தன் தந்தைக்குப் பிரியமான தேர்க்குதிரைகளுக்குத் தீவனமும் நீரும் தரும்படி கேட்கிறான். அதுவே தனக்குச் செய்த உபசாரமாகும் என்கிறான். மறுநாள் காலையில் சடை முடிக்க ஆலம்பாலும் கங்கையைக் கடக்க ஓடமும் அதே நண்பனிடமிருந்துதான் பெறுகிறான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. தேவைக்கு மேல் ராமன் எதையும் ஏற்கவில்லை; தேவையானதைக் கேட்கக் கூசவும் இல்லை. நம்மில் பலர் இவ்விரண்டில் ஒன்றில் தவறிவிடுகிறோம். சிலர் நண்பர்களின் அன்பை அளவின்றிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலரோ, “யாரையும் சிரமப்படுத்தக் கூடாது” என்று எல்லா உதவிகளையும் மறுத்துவிடுகிறார்கள். இது பணிவைப் போலத் தோன்றும். உள்ளே தேடிப் பார்த்தால், யாருக்கும் கடமைப்படாமல் இருக்க விரும்பும் அகங்காரம் அங்கே ஒளிந்திருப்பது தெரியும். நண்பர் நீட்டும் கையைப் பற்றத் தெரியாதவனுக்கு, இறைவன் நீட்டும் கையைப் பற்றுவது எப்படி எளிதாகும்?

கம்பரோ இந்த உறவை மேலும் ஒரு படி உயர்த்துகிறார். உதவியவன் நண்பன் என்ற நிலையிலிருந்து உடன்பிறந்தவன் என்ற நிலைக்கு உயர்ந்துவிடுகிறான். குகன் ஐந்தாவது சகோதரன், சுக்ரீவன் ஆறாவது, வீடணன் ஏழாவது என்று எண்ணிக்கொண்டே போகிறான் ராமன். வீட்டை விட்டுப் புறப்பட்டவனின் குடும்பம் வழியெங்கும் பெருகிக்கொண்டே செல்கிறது!

கடல் கடந்த துறவி

காவிய காலத்தில் மட்டும்தான் இப்படி நிகழுமோ என்று தோன்றலாம். நமக்கு அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1893-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி சுவாமி விவேகானந்தர் பம்பாயில் கப்பல் ஏறினார். எல்லாவற்றையும் துறந்த அந்தத் துறவியின் பயணத்திற்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகச் சென்று பயணத்திற்குப் பொருள் திரட்டினார். நடுத்தர மக்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். கேத்ரி மன்னர் அஜித் சிங் தம் செயலரான முன்ஷி ஜகமோகன்லாலை பம்பாய் வரை உடன் அனுப்பினார். பயணத்திற்கு வேண்டிய உடைகளுக்கும் கப்பலில் முதல் வகுப்புப் பயணத்திற்கும் அவர் மூலமாக ஏற்பாடு செய்தார். துறைமுகத்தில் வழியனுப்ப அளசிங்கரும் வந்து நின்றார்.

ஜூலை இறுதியில் சுவாமிஜி சிகாகோவை அடைந்தபோது நிலைமை வேறாக இருந்தது. சர்வமத மகாசபை செப்டம்பரில்தான் கூடும் என்று தெரிந்தது. அறிமுகச் சான்று இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை என்பதும் தெரிந்தது. கையிருப்போ நாளுக்கு நாள் கரைந்தது. அந்த நாட்டுக் குளிருக்கு ஏற்ற உடையும் இல்லை. ரயில் பயணத்தில் அறிமுகமாகியிருந்த கேட் சான்போர்ன் என்ற எழுத்தாளர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த தம் பண்ணை வீட்டில் அவரைத் தங்க வைத்தார். அவர் வாயிலாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜான் ஹென்றி ரைட்டின் நட்பு கிடைத்தது. அவர் மகாசபை அமைப்பாளர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதித் தந்ததோடு, சிகாகோவுக்கு ரயில் சீட்டும் வாங்கிக் கொடுத்தார்.

சிகாகோவில் இறங்கியபோது செல்ல வேண்டிய முகவரி தொலைந்துவிட்டது. ரயில் நிலையச் சரக்குப் பகுதியில் சுவாமிஜி இரவைக் கழித்தார். மறுநாள் காலையில் பல வீடுகளின் கதவுகள் அவர் முகத்துக்கு எதிரே சாத்தப்பட்டன. களைத்துப் போய்த் தெருவோரத்தில் அமர்ந்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுத் தலைவியான ஹேல் அம்மையார் வந்து விசாரித்து, அவரை உள்ளே அழைத்துச் சென்று உணவளித்தார். பின்னர் மகாசபை அலுவலகத்துக்கும் அழைத்துச் சென்றார். செப்டம்பர் 11-ஆம் தேதி மகாசபை மேடையில் ஒலித்த குரலை உலகம் அறியும். அந்தக் குரல் மேடை வரை வந்து சேர்வதற்குத் தங்க இடமும் உண்ண உணவும் தந்த கைகளை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

சுவாமிஜி நினைத்தார். அமெரிக்காவிலிருந்து அளசிங்கருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பல இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. ஹேல் அம்மையாரை அன்னை என்றே அவர் அழைத்தார். அவ்வீட்டுப் பெண்கள் அவருக்குச் சகோதரிகள் ஆனார்கள். தம் வாழ்வின் இறுதிப் பகுதியான 1901-ஆம் ஆண்டிலும் மேரி ஹேலுக்கு அவர் கடிதம் எழுதினார். உலகப் புகழுடன் தாயகம் திரும்பிய அவர், 1897 டிசம்பரில் கேத்ரியில் நடந்த வரவேற்பில், மன்னரைச் சந்தித்திராவிட்டால் இந்தியாவுக்காகத் தம்மால் செய்ய முடிந்த சிறு பணியும் நடந்திராது என்று மனம் திறந்து கூறினார். புகழ் வந்தபின் ஏணியை மறப்பவர்கள் உண்டு. மகான்களோ ஏணியின் ஒவ்வொரு படியையும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அனுமனுக்குக் கிடைத்த பதில்

உதவி பெற்ற நல்ல மனத்துக்கு உடனே ஒரு தவிப்பு ஏற்படும். “இவர்களுக்கு நான் எப்போது, எப்படித் திருப்பிச் செய்யப் போகிறேன்?” இந்தத் தவிப்பு நல்லதே. ஆனால் இதை இன்னும் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டும்.

பட்டாபிஷேகம் முடிந்து வானரர்கள் விடைபெறும் நேரம். அனுமன் செய்த உதவிகளை எண்ணிய ராமபிரான் அவனிடம் கூறியதாக வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் வியப்பூட்டும் ஒரு கருத்து வருகிறது. அனுமனின் ஓர் உதவிக்கே தன் உயிரைக் கொடுக்கலாம். எஞ்சிய உதவிகளுக்குத் தான் என்றும் கடனாளியே என்கிறான் ராமன். அத்துடன் நிறுத்தவில்லை. அந்த உதவிகள் தன்னுள்ளேயே செரித்துப் போகட்டும், அவற்றைத் திருப்பிச் செய்யும் நாள் வரவே வேண்டாம் என்று விரும்புகிறான். காரணம் என்ன? ஒருவன் கைம்மாறு பெறும் நிலைக்கு வருவது ஆபத்துக் காலத்தில்தான். அனுமனுக்கு அப்படி ஒரு காலம் வரவே கூடாது என்பது ராமனின் விருப்பம்.

எத்தகைய உள்ளம்! நான் வீடிழந்து நின்றபோது நண்பர் எனக்கு உதவினார். அதே உதவியை நான் அவருக்குச் செய்ய வேண்டுமென்றால், அவர் வீடிழந்து நிற்க வேண்டும். கணக்கைத் தீர்த்துவிடத் துடிக்கும் மனம், தன்னை அறியாமலே நண்பரின் துன்பத்துக்காகக் காத்திருக்கிறது. உண்மையான நன்றியுணர்வோ, “என் கடன் தீராமலே போகட்டும், அவர் நலமாக இருக்கட்டும்” என்று பிரார்த்திக்கிறது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கைமாற்றாக வாங்கிய பணத்தைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். நண்பருக்குத் துன்பம் வந்தால் முதல் ஆளாக ஓடிச் செல்ல வேண்டும். நாம் இங்கே பேசுவது அன்பாகிய கடனைப் பற்றி. ஒரு பரிசுப் பொருளை அனுப்பிவிட்டு, “இனி நமக்கும் அவருக்கும் சரியாகிவிட்டது” என்று பெருமூச்சு விடுவதற்கு அது வணிகக் கணக்கு அன்று. அந்தக் கடனைத் தீர்க்க நினைப்பவன் உறவையே முடித்துக்கொள்கிறான். அதைச் சுமக்க இசைபவன் உறவைக் காக்கிறான். அந்தச் சுமையே நம் தலையைத் தாழ்த்தி வைக்கிறது. அகங்காரம் நிமிராமல் பார்த்துக்கொள்கிறது.

நாம் செய்யத் தக்கவை

அப்படியானால் கடனைச் சுமப்பவன் ஒன்றும் செய்யாமல் இருப்பதா? இல்லை. செய்யத் தக்க எளிய சாதனைகள் சில உண்டு.

முதலாவது, சேர்ந்த செய்தியைச் சொல்வது. புதிய ஊருக்கு வந்ததும் ஆயிரம் வேலைகள் நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன. பெட்டிகளைத் தூக்கிய நண்பரோ, நாம் நலமாகப் போய்ச் சேர்ந்தோமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். 14 ஆண்டுகளுக்குப் பின் அயோத்தி திரும்பும் வழியில், ராமபிரான் அனுமனை பரதனிடம் தூது அனுப்புகிறான். போகும் வழியில் முதலில் குகனைச் சந்தித்துத் தன் நலத்தைத் தெரிவிக்கும்படி சொல்லி அனுப்புகிறான். நாம் நலமாக இருக்கிறோம் என்ற செய்தியே உதவியவர்களுக்கு நாம் அளிக்கும் முதல் காணிக்கை.

இரண்டாவது, மறவாமை. செய்ந்நன்றியறிதலுக்கென்றே தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், துன்பக் காலத்தில் துணை நின்றவர்களின் நட்பைத் துறக்கக் கூடாது என்கிறார். தொலைவு மெல்ல மெல்லத் தன் வேலையைச் செய்யும். வாரம் ஒருமுறை பேசியவர்கள் மாதம் ஒருமுறை பேசுவார்கள். பிறகு அதுவும் நின்றுபோகும். இதற்கு நம் முன்னோர் கண்ட மருந்து பிரார்த்தனை. அன்றாட வழிபாட்டின் முடிவில், நமக்கு உதவியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்து, அவர்கள் நலத்தை இறைவனிடம் வேண்டுவோம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

மூன்றாவது, குறை காணாமை. வீடு பெயர்ந்த அவசரத்தில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் உடைந்திருக்கலாம். ஒரு கடுஞ்சொல் வந்திருக்கலாம். பிற்காலத்தில் அதே நண்பரோடு மனவேறுபாடும் ஏற்படலாம். கொலை போன்ற கொடுமையை ஒருவர் செய்தாலும், முன்பு அவர் செய்த நன்மை ஒன்றை நினைத்தால் போதும், அந்தத் தீமை மறைந்துவிடும் என்பது வள்ளுவர் கருத்து. நன்றியுணர்வு வருத்தத்தைக் கரைக்கும் ஆற்றல் உடையது.

நான்காவது, நம் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது. நாளை நம் தெருவுக்கும் யாரோ ஒருவர் குடிவருவார். அவர் பேசும் மொழி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய அடுப்பு இன்னும் எரியத் தொடங்கியிருக்காது. அன்று ஒரு வேளை உணவை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்போம். பழைய நண்பருக்குக் கொடுக்க வேண்டியதை இவரிடம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டோம் என்று அப்போது எண்ண வேண்டாம். அந்த நண்பரிடமிருந்து கற்றுக்கொண்ட பாடத்தை நாம் படித்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

இறுதியாக ஓர் உண்மை. இந்த உடலே ஜீவன் சில காலம் குடியிருக்கும் வீடு. ஒருநாள் இதையும் விட்டுப் புறப்பட வேண்டும். அந்தப் பயணத்தில் எந்தப் பெட்டியையும் கொண்டுபோக முடியாது. எந்த நண்பரும் உடன் வர இயலாது. அப்போது துணை வருபவன் ஒருவனே. அவனே இத்தனை காலமும் அண்டை வீட்டாரின் கைகளால் நமக்குச் சோறு கொண்டுவந்தவன். தோழனின் தோள்களால் நம் சுமையைத் தூக்கியவன். முன்பின் அறியாத ஊரில் சாவியுடன் வாசலில் காத்து நின்றவன். உதவிய நண்பர்களிடத்தில் அவனை இப்போதே கண்டு வணங்குவோமாக. அந்தக் கடன் என்றென்றும் தீராதிருக்கட்டும்.